நச்சுக்கொடியும் தாயின் ஆகாரமும்

கர்ப்பகால நீரிழிவைப் பற்றிக் குடியானவர்களும் கிராம உத்தியோகஸ்தர்களும் அறிய வேண்டியவை

நிலத்துக்கு எரு இடுவது எப்பொழுது, எவ்வளவு, எவ்விதம் என்பவற்றை மாதந்தோறும் எடுத்துரைத்து வரும் இப்பத்திரிகையில், கருவுற்ற பெண்களின் ஆகாரத்தைப் பற்றி எழுதப் புகுந்ததைக் கண்டு சிலர் வியப்புறலாம். ஆயினும், பயிரின் போஷணைக்கும் வயிற்றிலுள்ள சிசுவின் போஷணைக்கும் பொதுவான விதி ஒன்று உண்டு. வேருக்கு எட்டும் சத்து குறைந்தாலும் கேடு. அளவுக்கு மிஞ்சினாலும் கேடு. இவ்விரண்டையும் நமது குடியானவர்கள் வயலில் நன்கு அறிந்திருக்கிறார்கள். வீட்டிலோ முன்னதை மட்டுமே நினைவில் வைத்து, பின்னதை மறந்துவிடுகிறார்கள். கர்ப்பகால நீரிழிவு என்னும் வியாதி நம் கிராமங்களில் பரவி வரும் இக்காலத்தில், அம்மறதியால் தாய்க்கும் பிள்ளைக்கும் நேரும் தீங்கு சிறிதன்று.

நமது பகுதியின் மாறுதல்

ஸ்ரீபெரும்புதூர் முதல் ஒரகடம் வரையுள்ள கிராமங்கள் கடந்த முப்பது வருஷங்களில் அடைந்துள்ள மாறுதலை இங்குள்ளோர்க்கு எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் தொழிற்சாலையிலிருந்து 1998-இல் கார்கள் வெளிவரத் தொடங்கின. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிஸான் தொழிற்சாலை திறக்கப்பட்டது. வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கக்கூடிய தொழிலாளர் விடுதி 2024-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் திறக்கப்பட்டது. ஏரிப் பாசனத்தில் சொர்ணவாரியும் சம்பாவும் விளைந்த வயல்கள் பல தொழிற்பேட்டைகளுக்குள் அடங்கின. நடவுக்கும் களையெடுப்புக்கும் சென்ற குடும்பத்துப் பெண்கள் இன்று கம்பெனி பஸ்ஸில் ஏறி ஷிப்டு வேலைக்குச் செல்கிறார்கள். வீட்டிலிருப்போர்க்கும் குனிந்து நிமிர்ந்து செய்யும் உழைப்பு வெகுவாகக் குறைந்துவிட்டது.

உழைப்புக் குறைந்த அளவுக்குச் சோறு குறையவில்லை. வெள்ளையாகத் தீட்டிய அரிசி மூன்று வேளையும் இட்லியாகவும் தோசையாகவும் சோறாகவும் உண்ணப்படுகிறது. முன்பு அதனுடன் இருந்த கேழ்வரகும் பயறும் கீரையும் இலையின் ஓரத்துக்கு ஒதுங்கிவிட்டன. இந்நிலையில் ஒரு பெண் கருவுற்றால், “இரண்டு உயிர்க்குச் சாப்பிட வேண்டும்” என்று பெரியோர் அன்புடன் மேலும் ஒரு கரண்டி சோறு இடுகிறார்கள். அன்பு குற்றமன்று, இடும் பண்டத்திலேதான் குற்றம் இருக்கிறது.

“நாங்கள் எங்கள் நிலத்தில் விளைந்ததையே உண்கிறோம், சர்க்கரை வியாதி பட்டணத்தாருடையதல்லவோ?” என்று இப்பகுதிக் குடியானவர்கள் கேட்பதுண்டு. சென்னையில் டாக்டர் வீ. சேஷய்யா அவர்களின் தலைமையில் தமிழ்நாட்டில் நடத்தப்பட்டு 2008-இல் வெளியான ஆராய்ச்சி இதற்குத் தக்க விடையளிக்கிறது. பன்னீராயிரத்துக்கு மேற்பட்ட கர்ப்பிணிகளைப் பரிசோதித்ததில், பட்டணங்களில் நூற்றுக்கு 17.8 பேருக்கும், பாதிப் பட்டணமான ஊர்களில் நூற்றுக்கு 13.8 பேருக்கும், கிராமங்களில் நூற்றுக்கு 9.9 பேருக்கும் கர்ப்பகால நீரிழிவு காணப்பட்டது. கிராமத்திலேயே பத்துக்கு ஒருவர் என்ற கணக்காகிறது. வயலும் தொழிற்சாலையும் ஒருங்கே விளங்கும் நமது பகுதியைக் கிராமம் என்பதா, பாதிப் பட்டணம் என்பதா என்பதை வாசகர்களே தீர்மானித்துக் கொள்ளலாம்.

நச்சுக்கொடி செய்யும் வேலை

பிரசவத்துக்குப் பின் வெளிப்படும் நச்சுக்கொடியைக் கழிவென்று எண்ணிப் புதைத்துவிடுகிறோம். பத்து மாதமும் சிசுவுக்கு வேராகவும், சுவாசப்பையாகவும், கழிவு வாய்க்காலாகவும் இருந்தது அதுவே. நிறைமாதத்தில் அதன் எடை ஏறக்குறைய அரைக் கிலோ. அதற்குள் நெல்லின் சல்லி வேர்களைப் போல எண்ணிறந்த நுண்ணிய விரல்கள் கிளைத்திருக்கின்றன. அவற்றை விரித்துப் பரப்பினால் சுமார் 12 சதுர மீட்டர் பரப்பாகும். தாயின் இரத்தம் நிமிஷத்துக்கு அரை லிட்டருக்கு மேல் அவ்விரல்களைச் சுற்றிப் பாய்கிறது. தாயின் இரத்தமும் சேயின் இரத்தமும் ஒன்றோடொன்று கலப்பதில்லை. மெல்லிய சுவர் ஒன்றைக் கடந்து பிராணவாயுவும் சத்துக்களும் சிசுவைச் சேருகின்றன.

இச்சுவர் எல்லாவற்றையும் ஒரே விதமாய்க் கடக்க விடுவதில்லை என்பதே இக்கட்டுரையில் முக்கியமாய் மனத்திற் கொள்ள வேண்டிய விஷயம். சர்க்கரை சுலபமாய்க் கடக்கிறது. தாயின் இரத்தத்தில் எவ்வளவு மிகுதியோ அதற்கேற்பச் சிசுவையும் சேருகிறது. அச்சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் இன்ஸுலின் என்னும் தாயின் சுரப்பு நீரோ கடப்பதில்லை. ஏரியில் வெள்ளம் ஏறும்பொழுது அடைக்க முடியாத மதகு எவ்விதமோ, அவ்விதமே சர்க்கரையைப் பொறுத்தவரையில் நச்சுக்கொடியும். மதகை அடைக்க இயலாதெனில், ஏரியின் நீர்மட்டத்தைக் காப்பதொன்றே வழி. அதாவது, தாயின் இரத்தத்திலுள்ள சர்க்கரையை அளவில் நிறுத்துவதே வழி.

கர்ப்பமே சர்க்கரையை ஏற்றும் இயல்புடையது. சிசுவுக்குச் சத்து தடையின்றிக் கிடைக்கும்பொருட்டு, நச்சுக்கொடி சில சுரப்பு நீர்களை வெளியிட்டுத் தாயின் இன்ஸுலினது வேகத்தை மட்டுப்படுத்துகிறது. தாயின் கணையம் முன்னிலும் அதிகமாய் இன்ஸுலின் சுரந்து இதற்கு ஈடு செய்தால் தொந்தரவில்லை. ஈடு செய்ய இயலாதவர்க்கு நீரிழிவு தோன்றுகிறது. ஆகவே, முன்பு சர்க்கரை வியாதி இல்லாதவர்க்கும் கர்ப்பத்தில் இது வரலாம். பெரும்பாலும் வலியோ வேறு அடையாளமோ இல்லாமலே வரும்.

அதிக யூரியா இட்ட பயிர்

தாயிடமிருந்து மிகுதியாய் வந்த சர்க்கரையைச் சமாளிக்கச் சிசு தன் கணையத்திலேயே அதிக இன்ஸுலினைச் சுரக்கிறது. இன்ஸுலின் வளர்ச்சியைத் தூண்டுவதாகையால், சிசு கொழுப்பேறிப் பருக்கிறது. டென்மார்க்கு தேசத்து வைத்தியரான பீடர்ஸன் என்பவர் 1952-இல் எடுத்துரைத்த இவ்விளக்கமே இன்றளவும் அடிப்படையாயுள்ளது. நவரையில் அளவுக்கு மிஞ்சி யூரியா இட்ட நெற்பயிர் கரும்பச்சையாய்த் தழைத்து வளர்வதைக் கண்டு புதிதாய்ப் பயிரிடுபவர் மகிழலாம், அனுபவஸ்தர் மகிழமாட்டார். அது பூச்சிக்கு இடங்கொடுத்து, கதிர் முற்றும் சமயத்தில் சாயுமென்பது அவருக்குத் தெரியும். நாலு கிலோவுக்கு மேற்பட்ட எடையுடன் பிறக்கும் குழந்தையைக் கண்டு “நல்ல போஷாக்கு” என்று மகிழ்வதும், தாய்க்கு நீரிழிவு இருந்ததாயின், இவ்வகையைச் சேர்ந்ததே. பிரசவத்தில் தோள் சிக்கிக் கொள்ளுதல், ஆயுதப் பிரசவம் முதலிய அபாயங்கள் அதனால் அதிகரிக்கின்றன.

நச்சுக்கொடியும் கெடுகிறது. அது எடையில் பெருக்கலாம். ஆனால் அதன் நுண்விரல்கள் முதிர்ச்சி பெறத் தாமதிக்கின்றன, சுவர் தடிக்கிறது. இன்ஸுலின் மிகுந்த சிசுவுக்கோ பிராணவாயு அதிகமாய்த் தேவைப்படுகிறது. தேவை கூடும்போது வரவு குறைவதால், கடைசி வாரங்களில் சிசு வயிற்றிலேயே இறக்கும் அபாயமும் உண்டு. வெகு காலமாய் நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் உள்ள தாய்மார்க்கு, நச்சுக்கொடிக்குச் செல்லும் இரத்தக் குழாய்கள் சுருங்கி, சிசு மெலிந்து பிறப்பதும் உண்டு. ஆகையால் குழந்தை பெரிதாயில்லை என்பதைக் கொண்டு அபாயமில்லை என்று முடிவு செய்யலாகாது.

ஒன்பது தேசங்களில் 25,505 கர்ப்பிணிகளைக் கொண்டு நடத்தப்பட்டு 2008-இல் வெளியான ஆராய்ச்சி, தாயின் சர்க்கரை ஏற ஏறச் சிசுவுக்கு நேரும் தீங்கும் படிப்படியாய் ஏறுகிறதென்றும், இதற்குக் கீழ் பயமில்லை என்று கோடு கிழிக்கத்தக்க எல்லை காணவில்லை என்றும் தெரிவிக்கிறது.

பரீக்ஷை செய்யும் முறை

இவ்விஷயத்தில் தமிழ்நாடு இந்தியாவுக்கே வழிகாட்டியாய் விளங்குகிறது. 2007-இல் நம் அரசாங்கம் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் சர்க்கரைப் பரீக்ஷை செய்ய வேண்டுமென உத்தரவிட்டது. டாக்டர் சேஷய்யா அவர்களும் சகாக்களும் வகுத்த எளிய முறையே பிற்பாடு மத்திய சர்க்காரின் வழிகாட்டியிலும் ஏற்கப்பட்டது. வெறும் வயிற்றுடன் வர வேண்டுமென்ற நிபந்தனையில்லை. 75 கிராம் குளூக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, இரண்டு மணி நேரம் கழித்து இரத்தத்தைச் சோதிக்கிறார்கள். ஒரு டெஸிலிட்டருக்கு 140 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் இருப்பின் கர்ப்பகால நீரிழிவு எனக் கொள்ளப்படும். கர்ப்பம் உறுதியானதும் முதல் தடவை செல்லும்பொழுதே ஒரு முறையும், அப்பொழுது இல்லையெனில் 24 முதல் 28 வாரத்துக்குள் மறு முறையும் இப்பரீக்ஷை செய்துகொள்ள வேண்டும்.

முதல் பரீக்ஷையில் இல்லையென்று கண்டதும் இரண்டாவதற்குச் செல்லாமலிருப்பது பெருந்தவறு. நச்சுக்கொடியின் சுரப்பு நீர்கள் ஐந்தாறு மாதத்துக்குப் பின்னரே பலமாய் வேலை செய்கின்றன. தாய்வீடு செல்வதும், ஷிப்டு மாறுவதும், வளைகாப்பு ஏற்பாடுகளும் அச்சமயத்தில் நேர்வதால் பரீக்ஷை விட்டுப்போக இடமுண்டு. வீட்டுப் பெரியோர் இதில் கவனமாயிருத்தல் வேண்டும்.

ஆகாரம்

சர்க்கரை உண்டெனக் கண்டால் முதற் சிகிச்சை ஆகாரமே. ஆனால் பட்டினி சிகிச்சையாகாது. பட்டினியாலும் சிசுவுக்குக் கேடு உண்டு. கர்ப்பிணிக்கு நான்காம் மாதத்திலிருந்து நாளொன்றுக்கு வழக்கத்தைவிட 350 கிலோ கலோரி அதிகம் வேண்டுமென்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் வகுத்துள்ளது. ஒரு முட்டை, ஒரு தம்ளர் பால், ஒரு பிடி நிலக்கடலை ஆகிய மூன்றுமே இதற்குப் போதும். இரண்டு உயிர்க்குச் சாப்பிடுவதென்பது இவ்வளவே. இரண்டு பங்கு சோறன்று.

இலையில் பாதி காய்கறியும் கீரையும், கால் பங்கு பருப்பு, பயறு, முட்டை அல்லது மீனும், கால் பங்கு மட்டுமே சோறும் இருத்தல் நன்று. ஒரே வேளையில் நிறைய உண்பதை விட்டு, மூன்று வேளைச் சாப்பாடும் இடையில் இரண்டு மூன்று சிறு ஆகாரமுமாகப் பிரித்துக் கொள்ள வேண்டும். வெல்லம், கருப்பட்டி, தேன் ஆகியவை வெள்ளைச் சர்க்கரையினும் தீங்கற்றவை என்பது தவறான எண்ணம். இரத்தத்தில் இவையும் சர்க்கரையே. கேழ்வரகு நல்ல தானியமாயினும் அதுவும் மாவுப் பண்டமே. நைய அரைத்துக் காய்ச்சிய கூழாகக் குடிப்பதைவிடக் கீரை சேர்த்த அடையாக அளவுடன் உண்பது மேல். வைத்தியர் தடுக்காவிடில், தினம் அரைமணி நேரம் நடப்பதும் சர்க்கரையைத் தணிக்கும்.

இரண்டு வாரம் இவ்விதம் நடந்தும் சர்க்கரை அடங்காவிட்டால் வைத்தியர் மருந்தோ இன்ஸுலின் ஊசியோ கொடுப்பார். ஊசி போட்டால் பிள்ளைக்கு ஆகாது என்ற அச்சம் நம் கிராமங்களில் இருக்கிறது. மேலே கூறியதை நினைவிற் கொண்டால் அச்சத்துக்கு இடமில்லை. தாய்க்கு இடும் இன்ஸுலின் நச்சுக்கொடியைக் கடந்து சிசுவைத் தாக்குவதில்லை. ஊசிக்கு அஞ்சி விட்டுவிட்ட சர்க்கரையே கடந்து தாக்குகிறது.

நச்சுக்கொடிக்கு வேண்டிய சத்துக்கள்

சர்க்கரையை அடக்குவது பாதி வேலையே. நெல்லுக்குத் தழைச்சத்தைக் குறைத்த மாத்திரத்தில் மணிச்சத்தும் சாம்பற்சத்தும் துத்தநாகமும் தாமே வந்துவிடா. அவ்விதமே ஏனைய சத்துக்களையும் தனியே கவனித்தல் வேண்டும்.

இரும்பு: 2019–21 தேசீயக் குடும்ப நல ஆய்வின்படி இந்தியக் கர்ப்பிணிகளில் நூற்றுக்கு 52.2 பேர் இரத்தசோகையுள்ளவர்கள். நீரிழிவுள்ள தாயின் சிசு, பிராணவாயுக் குறைவை ஈடு செய்ய அதிகச் சிவப்பணுக்களை உண்டாக்குவதால், அதற்கு இரும்பும் அதிகம் வேண்டும். கிடைக்காவிடில் மூளை முதலிய உறுப்புகளின் பங்கு குறைகிறது. முருங்கைக்கீரை, சிறுகீரை, பயறுகள், ஆட்டு ஈரல் ஆகியவற்றை எலுமிச்சை அல்லது நெல்லியுடன் உண்ணலாம். உணவோடு தேநீர் குடித்தல் ஆகாது. சுகாதார நிலையத்தில் இலவசமாய்த் தரும் மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் போலிக் அமிலமும் உள்ளன. இதைப் பரணில் போட்டு வைப்பது, வாங்கிய விதைநெல்லை விதைக்காமல் வைப்பதை ஒக்கும்.

போலிக் அமிலம்: சிசுவின் தண்டுவடமும் மூளையும் முதல் மாதத்திலேயே உருவாவதால், ஏற்கெனவே நீரிழிவுள்ள பெண் கருவுறுவதற்கு முன்பே வைத்தியரைக் கண்டு சர்க்கரையை அடக்கி, இம்மருந்தையும் தொடங்குதல் அவசியம்.

பி-12: இது தாவரங்களில் இல்லை, பால், தயிர், முட்டை, மீன், மாமிசம் இவற்றிலேயே உண்டு. மைசூரில் நடந்து 2009-இல் வெளியான ஆராய்ச்சியில், நூற்றுக்கு 43 கர்ப்பிணிகளுக்கு இது குறைவாயிருந்ததும், அத்தகையோரிடம் கர்ப்பகால நீரிழிவு அதிகமாயிருந்ததும் தெரியவந்தது. சைவ உணவினர் பாலையும் தயிரையும் தவறவிடலாகாது; தேவையாயின் வைத்தியரிடம் மாத்திரை கேட்டுப் பெறலாம்.

சுண்ணாம்புச்சத்து: கேழ்வரகில் 100 கிராமுக்கு 350 மில்லிகிராமுக்கு மேல் உண்டு. எள்ளும் பாலும் சிறந்தவை. சுண்ணாம்புச்சத்து மாத்திரையையும் இரும்பு மாத்திரையையும் ஒரே வேளையில் விழுங்கலாகாது. ஒன்று மற்றொன்றைத் தடுக்கும். இரண்டு மணி நேரமேனும் இடைவெளி வேண்டும்.

மீன் கொழுப்பு: சிசுவின் மூளைக்கும் கண்ணுக்கும் வேண்டிய ஒருவகைக் கொழுப்பு, நீரிழிவுள்ள தாயின் நச்சுக்கொடி வழியே குறைவாகவே செல்கிறதென ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. மத்தி, நெத்திலி, கானாங்கெளுத்தி போன்ற விலை குறைந்த கடல் மீன்களில் அது மிகுதி. வாரத்தில் இரண்டு நாள் குழம்பாக வைத்து உண்ணலாம். எண்ணெயில் பொரிக்க வேண்டாம்.

நிலமுடையோர் செய்யத்தக்கவை

மேற்சொன்னவற்றிற் பெரும்பகுதி விலைக்கு வாங்க வேண்டியதன்று. வீட்டுக் கொல்லையில் இரண்டு மூன்று சென்ட் இருந்தாலும் போதும். பெரியகுளத்தில் உருவாக்கப்பட்ட பி.கே.எம்.1 செடிமுருங்கை விதையிட்ட ஆறு மாதத்தில் காய்க்கத் தொடங்கும். கீரை அதற்கு முன்பே கிடைக்கும். சிறுகீரை, தண்டுக்கீரை, அரைக்கீரை இவற்றைப் பதினைந்து நாள் இடைவெளியில் பாத்தி பாத்தியாக விதைத்தால் ஒரு வாரமும் கீரை இல்லாதிராது. வேலியில் அவரை ஏற்றலாம். வயல் வரப்பில் துவரையும், சம்பா அறுவடைக்குப் பின் ஈரம் காயுமுன் உளுந்தோ பாசிப்பயறோ தெளித்தால், குடும்பத்துக்குப் பருப்பும் நிலத்துக்குத் தழைச்சத்தும் சேரும். கிணற்றுப் பாசனமுள்ளோர் கால் ஏக்கரில் கேழ்வரகு பயிரிட்டு வீட்டுத் தேவைக்கு வைத்துக் கொள்ளலாம்.

நெல்லை மில்லுக்கு அனுப்புகையில் வீட்டுக்கு வேண்டியதை அதிகம் தீட்டாமல் வாங்கிக் கொள்வதும் நன்று. ஆயினும் அதற்கும் அளவு உண்டு.

தொழிற்சாலைக்குச் செல்லும் கர்ப்பிணிகள் இரவு ஷிப்டில் டீயும் பிஸ்கட்டும் கொண்டு பசியாறுவதைவிட, அவித்த சுண்டலோ முட்டையோ வேர்க்கடலையோ கட்டிக் கொண்டு செல்லலாம். பேறுகாலச் சம்பள விடுமுறை 2017-இல் 26 வாரமாக உயர்த்தப்பட்டதையும் அவர்கள் அறிந்திருத்தல் வேண்டும்.

கிராம உத்தியோகஸ்தர்களுக்கு

பஞ்சாயத்துத் தலைவர்களும் கிராம நிர்வாக அலுவலர்களும் கிராம சபைக் கூட்டத்தில் இவ்விஷயத்தை ஒரு தடவையேனும் எடுத்துச் சொல்வார்களாயின் பெரும் பயன் விளையும். ஊரில் புதிதாய்க் குடியேறியுள்ள வெளியூர்த் தொழிலாளர் குடும்பங்கள் கிராம சுகாதாரச் செவிலியரின் பதிவில் விடுபடாமல் பார்த்துக் கொள்வது முக்கியம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் தொகை 2018-இல் 18,000 ரூபாயாக உயர்த்தப்பட்டு, அதில் 4,000 ரூபாய் பெறுமானம் ஊட்டச்சத்துப் பெட்டகங்களாகக் கொடுக்கப்பட்டது. பெட்டகத்திலும், அங்கன்வாடிச் சத்துமாவிலும் இனிப்புச் சேர்ந்த பண்டங்கள் உண்டு. சர்க்கரையுள்ள கர்ப்பிணிகள் எவ்வளவு, எவ்விதம் உண்பதென்று செவிலியரைக் கேட்டு நடப்பதே முறை.

குழந்தை பிறந்ததும் கவனம் தளரலாகாது. தாயிடமிருந்து வந்த சர்க்கரை திடீரென்று நிற்க, சிசுவின் இன்ஸுலினோ உடனே குறையாமையால், பிறந்த சில மணி நேரத்தில் அதன் சர்க்கரை அபாயகரமாய்த் தாழலாம். முதல் மணி நேரத்திலேயே தாய்ப்பால் கொடுப்பதே இதற்குத் தடுப்பு. சேனை வைப்பதும் தேன் தடவுவதும் வேண்டா. ஆறு வாரம் கழித்துத் தாய்க்கு மீண்டும் சர்க்கரைப் பரீக்ஷை செய்வித்தல் வேண்டும். கர்ப்பத்தில் நீரிழிவு வந்தவர்க்குப் பிற்காலத்தில் நிரந்தரமாய் அவ்வியாதி வருவதற்கு ஏனையோரினும் பன்மடங்கு இடமுண்டு, அப்பிள்ளைகளுக்கும் அப்படியே.

நமது பகுதியில் நிலத்தின் விலை ஏறியிருக்கிறது. நிலத்துக்குரிய அடுத்த தலைமுறையின் தேகநலம் அதனுடன் தானே ஏறிவிடாது. நாற்றங்காலில் பிழைத்ததை நடவு வயலில் திருத்துவது அரிது என்பது குடியானவர் அறிந்ததே. ஆகவே, வீட்டில் ஒரு பெண் கருவுற்ற செய்தி கேட்டவுடன் அவளை முதல் மாதத்திலேயே அடுத்துள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் சென்று பரீக்ஷை செய்வியுங்கள்; ஆறாம் மாதத்தில் மறுபடியும் செய்வியுங்கள்; கொல்லையில் கீரை விதையுங்கள். இம்மூன்றுக்கும் ஆகும் செலவு ஒரு மூட்டை யூரியாவின் விலைக்குள் அடங்கும்.